தூக்குமேடை நாயகன்

1724ஆம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள். இலண்டன் மாநகரத்து வீதிகளிலே மக்கள் வெள்ளம்! தறியை விட்டு வந்தான் நெசவாளி. உலையை விட்டு வந்தான் கொல்லன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள் மீன்காரி. நியூகேட் சிறை வாயிலிலிருந்து டைபர்ன் தூக்குமேடை வரை பலகணிகளிலே தலைகள், கூரைகளிலே தலைகள், வண்டிகளின் மேலே தலைகள்! இரண்டு இலட்சம் பேர் திரண்டனர் என்று கணக்கிட்டோர் உண்டு. அன்றைய இலண்டன் மக்களிலே மூவரில் ஒருவர்!

எதற்காக இந்தத் திரள்? மன்னன் பவனி வருகிறானா? போரிலே வென்ற படைத்தலைவன் திரும்புகிறானா? இல்லை. திறந்த வண்டி ஒன்று வருகிறது. அதிலே விலங்கு பூட்டப்பட்ட ஓர் இளைஞன். வயது 22. ஐந்தடி நான்கு அங்குல உயரம், மெலிந்த உடல், பெயர் ஜாக் ஷெப்பர்டு. தொழில்? திருட்டு! அவனைத் தூக்கிலிட அழைத்துச் செல்கிறார்கள். அவனை வாழ்த்தி வழியனுப்பத்தான் அந்த வெள்ளம்!

திருடனுக்கு வாழ்த்தா? உழைத்துப் பிழைக்கும் மக்கள், உழைக்காமல் பறித்தவனை உச்சிமேல் வைத்து மெச்சுவதா? விந்தைதான். ஆனால், வேடிக்கை பார்த்துவிட்டு ஒதுக்கத்தக்க விந்தையல்ல. ஆராய்ந்து பார்க்க வேண்டிய விந்தை.

இதனை ஆராயும்படி நம்மைத் தூண்டியவன் ஒரு மாணவன். பள்ளியிலே பாடம் சொல்லித் தருவது நம் பணி. 'நான் போற்றும் வீரன்' என்று தலைப்புத் தந்து ஒருநாள் கட்டுரை எழுதச் சொன்னோம். பலர் தலைவர்களைப் பற்றி எழுதினர். சிலர் அறிஞர்களைப் பற்றி எழுதினர். ஒருவன் மட்டும் கொள்ளைக்காரன் ஒருவனைப் புகழ்ந்து நான்கு பக்கம் எழுதியிருந்தான். "ஏன் தம்பி, உனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டோம். தலையைக் குனிந்தபடியே அவன் சொன்னான்: "அவன் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை, ஐயா!" அவன் தந்தை செங்கற்சூளையிலே கூலிவேலை செய்பவர்.

விடையின்றி ஆசிரியர் அறைக்குத் திரும்பினோம். செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர் சிரித்தார். "சோறு இலவசம், புத்தகம் இலவசம், சைக்கிளும் இலவசம்! எல்லாவற்றையும் சும்மா கொடுத்துச் சோம்பேறிகளாக்கினால் புத்தி இப்படித்தான் போகும்!" என்றார்.

மாணவன் சொன்னது ஒன்று. நண்பர் சொன்னது மற்றொன்று. முன்னது குற்றவாளியைப் போற்றுகிறது. பின்னது ஏழையைத் தூற்றுகிறது. இரண்டும் எதிரெதிர் என்றே முதலில் எண்ணினோம். ஜாக் ஷெப்பர்டின் வரலாற்றைப் படித்த பிறகு, இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது புலனாயிற்று. அந்த வரலாற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

* * *

1702ஆம் ஆண்டு, நெசவாளர் நிறைந்த ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியிலே ஓர் ஏழைக் குடும்பத்திலே பிறந்தான் ஜாக். சிறு வயதிலேயே தந்தை மறைந்தார். வளர்க்க வழியற்ற தாய், ஆறு வயதுப் பாலகனைப் பிஷப்ஸ்கேட்டிலிருந்த ஏழை விடுதியிலே சேர்த்தாள். ஏழை விடுதி என்றதும் அன்பு பொங்கும் அறச்சாலை என்று எண்ணிவிடாதீர்கள். வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றும் இடம் அது.

பின்னர்ப் பிரம்பு நாற்காலி செய்வோரிடம் பணி. அடுத்து, நீபோன் என்னும் கம்பளித் துணி வணிகர் கடையிலே ஏவலாள். நல்ல மனிதர் அவர். சிறுவனுக்கு எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். 1717இல் உட் என்னும் தச்சரிடம் தொழில் பயில ஒப்பந்தம் எழுதப்பட்டது. எத்தனை ஆண்டுக்கு? ஏழு ஆண்டுக்கு! தொழில் பயில்பவனுக்கு உணவும் உறைவிடமும் உண்டு, ஊதியம் இல்லை. திருமணம் செய்துகொள்ள உரிமையும் இல்லை. உடல் அவனுடையது; உழைப்பு எசமானனுடையது. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகவே உழைத்தான் ஜாக். மரம் அவன் சொன்னபடி கேட்டது. பூட்டும் தாழும் அவன் விரலுக்கு அடங்கின. ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாகவே இருந்தபோது கால் இடறிற்று. 1723இல், மதுக்கடையொன்றிலே இரண்டு வெள்ளிக் கரண்டிகளைத் திருடினான். அதுதான் தொடக்கம்.

அவன் இடறி விழுந்த அந்த 1723ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வேறு என்னென்ன நடந்தன? மூன்று செய்திகளைக் காணுங்கள்.

முதற் செய்தி: பாராளுமன்றம் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர் பெற்ற கொடுஞ்சட்டத்தை நிறைவேற்றிற்று. முகத்திலே கரியைப் பூசிக்கொண்டு ஆயுதத்துடன் காட்டுக்குள் நுழைந்தால் தூக்கு! சீமானின் மீன்குளத்துக் கரையை உடைத்தால் தூக்கு! தோப்பிலே நட்ட மரத்தை வெட்டினால் தூக்கு! ஒரே சட்டத்திலே ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரணதண்டனை! கடையிலே ஐந்து ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை மறைத்து எடுத்தால் தூக்கு என்ற சட்டம் முன்னமே இருந்தது. வீட்டிலே 40 ஷில்லிங் பொருளைத் திருடினால் தூக்கு என்ற சட்டமும் இருந்தது. உடைமைக்கு அரண் கட்டினார்கள். அந்த அரணுக்கு ஏழையின் எலும்பே கல்லாயிற்று.

இரண்டாம் செய்தி: அதே ஆண்டிலே ஏழைகளுக்கான சட்டமும் ஒன்று வந்தது. உதவி வேண்டுமா? ஏழை விடுதிக்குள் வந்து அடைபட்டுக் கிட! வர மறுத்தால் உதவி கிடையாது என்று விரட்ட ஊர்ச்சபைகளுக்கு அதிகாரம் தந்தது அச்சட்டம். அதற்கு முன்பே, 1697இல், உதவி பெறும் ஏழை தன் வலத்தோளிலே 'பி' என்னும் எழுத்தைச் சிவப்பு அல்லது நீலத் துணியிலே தைத்துக்கொண்டு நடமாட வேண்டும் என்று ஆணையிட்டிருந்தனர். பஞ்சை என்பதற்கான எழுத்து! மாட்டுக்குச் சூடு போடுவதுபோல மனிதனுக்கு முத்திரை! பசிக்கு ஒரு பிடி சோறு. அதற்கு விலை மானம்!

மூன்றாம் செய்தி: மாண்டவில் என்னும் எழுத்தாளர் அதே 1723இல் அறப்பள்ளிகளைத் தாக்கிக் கட்டுரை தீட்டினார். ஏழைக்குக் கல்வி தந்தால் கடுமையான வேலைக்கு ஆள் கிடைக்காது. நாட்டின் செல்வமே உழைக்கும் ஏழைகளின் பெருங்கூட்டந்தான். அவர்கள் அறியாமையிலும் வறுமையிலும் இருப்பதே நாட்டுக்கு நல்லது என்பது அவருடைய வாதம். மதவாதியல்லர் அவர்; மடமையை நையாண்டி செய்த கூர்மதியினர்! அவர் மட்டுமா? மக்களாட்சிச் சிந்தனையின் மூலவர் என்று நாம் மதிக்கும் ஜான் லாக், ஏழைக் குழந்தைகளை மூன்று வயதுக்கு மேல் வேலைப்பள்ளிகளிலே சேர்த்து நூல் நூற்கச் செய்யலாம் என்று 1697இல் அரசுக்கு அறிக்கை தந்தார். அறிவாளர் எழுதினார் என்பதற்காக அநீதி அறிவாகிவிடாது. பகுத்தறிவாளரும் தம்மையே தராசிலிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

ஒரே ஆண்டு! தவறினால் கயிறு, தாழ்ந்தால் கூண்டு, கற்க விரும்பினால் கதவடைப்பு! இந்த முக்கோணத்துக்குள் நின்றுகொண்டு ஏழை இளைஞனிடம், "உழைத்து உயர்வாய் மகனே!" என்று உபதேசம் செய்தனர் மேலோர்.

* * *

1724ஆம் ஆண்டிலே மட்டும் ஐந்து முறை பிடிபட்டான் ஜாக். நான்கு முறை தப்பினான். முதன்முறை காவற்கூடத்தின் கூரையைப் பிரித்து. இரண்டாம் முறை கம்பியை அறுத்து, படுக்கைத் துணியைக் கயிறாக்கி, காதலி எலிசபெத் லயனையும் உடன் அழைத்துக்கொண்டு. ஆகஸ்டிலே மரணதண்டனை விதித்தார்கள். அம்மாதம் 31ஆம் நாள் பெண்ணுடை தரித்து நியூகேட் சிறையிலிருந்தே வெளியேறினான்! செப்டம்பரிலே மீண்டும் பிடித்தார்கள். 'கோட்டை' என்று பெயர் பெற்ற கல்லறையிலே அடைத்து, காலிலே இரும்பு மாட்டி, தரையோடு சேர்த்துச் சங்கிலியால் பிணைத்தார்கள்.

அக்டோபர் 15ஆம் நாள் இரவு. சிறு ஆணியொன்றால் கைவிலங்கைத் திறந்தான். சங்கிலியை முறுக்கி உடைத்தான். புகைபோக்கிக்குள் குறுக்கே கிடந்த இரும்புக் கம்பியைப் பெயர்த்து அதையே கடப்பாரையாக்கினான். ஏழாண்டுகளாகத் திறக்கப்படாத அறையொன்றின் பூட்டை நெம்பினான். கோவில் கூடம், தாழ்வாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறு கதவுகள். அத்தனையும் இருளிலே, காலிலே இரும்புடனேயே! மேல்தளத்தை அடைந்தான். குனிந்து பார்த்தான், இறங்கக் கயிறு இல்லை. என்ன செய்தான் தெரியுமா? வந்த வழியே திரும்பிச் சென்று, அறையிலே கிடந்த கம்பளியை எடுத்து வந்தான்! அதைத் தொங்கவிட்டு அடுத்த வீட்டுக் கூரையிலே இறங்கித் தெருவிலே மறைந்தான்.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் முதல் நாள், நல்ல உடையுடுத்தி, குடிமயக்கத்திலே கிடந்தவனைப் பிடித்தார்கள். இம்முறை முந்நூறு இராத்தல் இரும்பை அவன்மேல் ஏற்றினார்கள். அவனைக் காண ஊரே வந்தது. சீமானும் சீமாட்டியும் சிறைக் காவலரிடம் ஆளுக்கு நான்கு ஷில்லிங் கொடுத்து உள்ளே சென்றனர். மன்னரின் ஓவியர் தார்ன்ஹில் நேரிலே வந்து அவன் உருவத்தைத் தீட்டினார். வேதநூலுடன் வந்த பாதிரியாரிடம், உலகத்து வேதநூல்கள் எல்லாவற்றையும்விட ஓர் அரம் தனக்குப் பயன்படும் என்று அவன் சொன்னதாகப் பதிந்துள்ளனர். அந்தச் சிறைப் பாதிரியார்களோ, தூக்குக்குச் செல்வோரின் வாக்குமூலங்களை அச்சிட்டு விற்றுப் பணம் ஈட்டி வந்தவர்கள்!

இங்கேதான் சற்று நிற்க வேண்டும், தோழர்களே! மக்கள் எதைக் கண்டு வியந்தார்கள்? கரண்டி திருடியதையா? இல்லை. பூட்டின் நுட்பம் அறிந்த விரலை. இரும்பின் இயல்பு அறிந்த கையை. எது தாங்கும், எது உடையும் என்றறிந்த கண்ணை. அது திருடனின் கலையா? தச்சனின் கலை! ஏழாண்டு ஒப்பந்தத்திலே ஊதியமின்றிக் கற்ற தொழிலின் திறம்! அந்தக் கை மேசை செய்தபோது, கதவு செய்தபோது, எட்டிப் பார்க்க ஓர் ஆள் உண்டா? ஒரு ஷில்லிங் கொடுத்தார் உண்டா? ஓவியர் வந்தாரா? அதே கை விலங்கை உடைத்தபோது நான்கு ஷில்லிங்! உழைப்பு உழைப்பாக இருக்கும்வரை அதற்கு மதிப்பில்லை. குற்றமாக மாறியவுடன் அதற்குக் கொலுமண்டபம்! உழைப்பை இழிவென்று நினைக்கும் நாடு, உழைப்பாளியின் திறத்தைச் சிறைச்சாலையிலேதான் கண்டு வியக்கும்.

* * *

குற்றத்தையே மக்கள் கொண்டாடினார்கள் என்று கூறுவோர், அடுத்த காட்சியையும் காண வேண்டும்.

ஜோனாதன் வைல்டு என்றொருவன் இலண்டனிலே வாழ்ந்தான். திருடரைப் பிடித்துத் தருவது அவன் தொழில். 'பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் திருடர் பிடிக்கும் தலைவன்' என்று தனக்குத் தானே பட்டமும் சூட்டிக்கொண்டான். உண்மையிலே அவன் யார்? திருடர்க்கெல்லாம் தலைவன்! அவன் ஆட்கள் திருடுவார்கள். பொருளை இழந்தவர் அவனிடமே வருவார். கட்டணம் வாங்கிக்கொண்டு பொருளை 'மீட்டுத்' தருவான். தனக்கு அடங்காத திருடனைக் காட்டிக்கொடுத்துத் தூக்கிலேற்றுவான்; வழிப்பறிக்காரன் ஒருவன் தண்டிக்கப்பட்டால் அரசு தரும் பரிசு 40 பவுன் அவனுக்கே! அவனுக்கு அடங்க மறுத்தவன் ஜாக் ஷெப்பர்டு. ஜாக்கின் மறைவிடத்தை அறிந்து ஆளனுப்பிப் பிடித்தவன் வைல்டு.

ஜாக் மாண்ட ஆறே திங்களில் வைல்டின் முகமூடி கிழிந்தது. 1725 மே 24ஆம் நாள், அதே டைபர்னில் அவனுக்கும் தூக்கு. அன்றும் கூட்டம் வந்தது. வாழ்த்தவா? கல்லெறிய! வழியெல்லாம் வசை, மேடை வரை கல்மழை! இருவரும் திருடர்கள், ஒருவனுக்கு வாழ்த்து, மற்றொருவனுக்கு வசை. ஏன்? சட்டத்தின் உடையணிந்துகொண்டு திருடியவனை மக்கள் மன்னிக்கவில்லை. கூட்டத்துக்கும் ஒரு தராசு இருந்தது.

அதே மே திங்களில், நாட்டின் நீதித்துறைக்கே தலைவராயிருந்த மாக்கிள்ஸ்பீல்டு பிரபு பாராளுமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். நீதிமன்றப் பதவிகளை விலைக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. குற்றவாளி என்றே தீர்ப்பாயிற்று. தூக்கா? ஐயோ, பிரபுவுக்கா! 30,000 பவுன் அபராதம், கட்டும்வரை கோபுரச் சிறை, கட்டியதும் விடுதலை! 40 ஷில்லிங்குக்குக் கழுத்து; பல்லாயிரம் பவுனுக்கு அபராதச் சீட்டு! இதைக் கண்ட மக்கள் சட்டத்தை எப்படி மதிப்பார்கள்? சட்டம் தன் மானத்தைத் தானே விற்றுவிட்ட சந்தையிலே, அதை ஏமாற்றியவன் வீரனாகத் தோன்றியதிலே வியப்பென்ன?

நடுவர் குழுவிலே அமர்ந்த சாதாரண மனிதர் சிலர், 40 ஷில்லிங்குக்கு மேற்பட்ட பொருளைத் திருடியவனையும், "அதன் விலை 39 ஷில்லிங்தான்" என்று சொல்லி உயிர் பிழைக்க வைத்தனர். ஒரு ஷில்லிங் பொய்! அந்தப் பொய்யிலே இருந்த அறம் அன்றைய சட்டப்புத்தகத்திலே இல்லை.

* * *

ஆகவே ஜாக் ஷெப்பர்டுக்கு நாமும் மாலை சூட்டலாமா? கூடாது!

அவனுக்குத் தூக்குக்கயிற்றை வாங்கித்தந்த திருட்டு எந்த வீட்டிலே நடந்தது தெரியுமா? சீமான் மாளிகையிலன்று, எழுத்தறிவித்த நீபோன் வீட்டிலே! தன்னிடம் அன்பு காட்டிய கரத்தையே கடித்தான். கூட்டம் அதை மறந்தது. பறித்ததை ஏழைகளுக்குப் பங்கிட்டானா? இல்லை, குடித்தான், உடுத்தான். அதையும் மறந்தது. குற்றவாளியைப் போற்றுவோரின் முதற்பிழை இது: தங்கள் மனத்திலுள்ள சினத்தை அவன்மீது போர்த்தி, அந்தப் போர்வையை வணங்குகிறார்கள். உள்ளே இருப்பவனைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் பிழை அதனினும் பெரிது. போற்றுவதால் பசி தீர்வதில்லை; விலங்கு உடைவதில்லை. தூக்கிலிட்ட உடலை விரைந்து எடுத்துச் சென்று மருத்துவரைக் கொண்டு உயிர்ப்பிக்க நண்பர்கள் திட்டமிட்டிருந்தனர் என்பர். உடலை அறுத்துப் பார்ப்பவர்களின் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றெண்ணி, அன்பு மிகுந்த கூட்டமே வழிமறித்துவிட்டது! அவனைக் காக்க வந்தவர்களைத் தடுத்தது, அவனை வாழ்த்த வந்த கூட்டம். வெறும் வியப்பு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு நடந்தது வாணிபம். 1728இல் ஜாக்கையும் வைல்டையும் நினைவூட்டும் பாத்திரங்களுடன் ஜான் கேயின் 'பிச்சைக்காரர் இசைநாடகம்' மேடையேறி 62 இரவுகள் நடந்தது. அரங்கம் நிறைந்தது; டைபர்ன் மேடையும் ஓயவில்லை! 1688இல் ஐம்பதளவில் இருந்த தூக்குக் குற்றங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இருநூறைத் தாண்டின. பாட்டிலே திருடன் வென்றான். நாட்டிலே கயிறு வென்றது.

மேலோர் சும்மா இருந்தார்களா? 1747இல் ஓவியர் ஹோகார்த் 'உழைப்பும் சோம்பலும்' என்று 12 படங்கள் வரைந்தார். இரண்டு இளைஞர் ஒரே தறிக்கூடத்திலே தொழில் பயில்கிறார்கள். சோம்பல் கொண்டவன் டைபர்னிலே தொங்குகிறான். உழைத்தவன் எசமானன் மகளை மணந்து இலண்டன் மேயராகிறான். அழகான படம், ஆனால் கணக்கு உதைக்கிறது! இலண்டனுக்கு ஆண்டுக்கு ஒரு மேயர். தொழில் பயில்வோரோ ஆயிரக்கணக்கில். எசமானனுக்கு எத்தனை மகள்கள் இருக்க முடியும்? மீதிப்பேர் உழைத்து உழைத்து முதுமையடைந்தால் அவர்கள் கதி என்ன? அதற்குப் படம் வரையவில்லை ஹோகார்த். அந்தப் பதின்மூன்றாம் படத்திலே இருப்பது ஏழை விடுதி!

* * *

1834ஆம் ஆண்டுக்கு வருவோம். ஜாக் மாண்டு 110 ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிய ஏழைச் சட்டம் பிறந்தது. அதன் கொள்கை என்ன? விடுதிக்குள்ளே வாழும் வாழ்வு, வெளியே மிகத் தாழ்ந்த கூலியாள் வாழும் வாழ்வைவிடக் கீழானதாக இருக்கவேண்டும். அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள்! கணவன் ஒரு பகுதியிலே, மனைவி மற்றொரு பகுதியிலே, குழந்தை வேறொரு பகுதியிலே. 1845இல் ஆண்டோவர் விடுதியின் செய்தி நாட்டை உலுக்கிற்று. உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை அங்கே. பசி பொறுக்காத மனிதர்கள், இடிக்கத் தந்த எலும்பிலே ஒட்டியிருந்த மச்சையையும் சவ்வையும் கடித்துத் தின்றார்கள்! இவர்கள் திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை, சட்டத்துக்கு அடங்கி நடந்தவர்கள். இவர்களைப் பற்றி எவன் பாட்டுக் கட்டினான்?

அதே காலத்திலே, ஜாக்கின் கதையை 1839இல் எயின்ஸ்வொர்த் நாவலாக எழுத, அது நாடகங்களாயிற்று. 1840இல் பிரபு ஒருவரைக் கொன்ற பணியாள், அக்கதைதான் தன்னைக் கெடுத்தது என்றானாம். உடனே விழித்தது அரசு! 'ஜாக் ஷெப்பர்டு' என்ற பெயர் தாங்கிய புது நாடகங்களுக்குத் தடை! பெயரைத் தடுத்தார்கள், அப்பெயருக்கு வாழ்வு தந்த ஏழை விடுதியைத் தடுக்கவில்லை. காய்ச்சல் கண்டவன் உளறுகிறான் என்று வாயைக் கட்டிய வைத்தியர்கள்!

ஆனால், அதே 1834ஆம் ஆண்டிலே வேறொரு வகைக் 'குற்றவாளிகள்' தோன்றினர். டார்செட் மாவட்டத்து டால்புடில் என்னும் சிற்றூரிலே பண்ணைக் கூலிகள் அறுவர். வாரக்கூலி 9 ஷில்லிங் என்றிருந்தது 7 ஆகிவிட்டது; 6 ஆகப்போகிறது என்ற அச்சுறுத்தல் வேறு. அவர்கள் என்ன செய்தார்கள்? முகத்திலே கரி பூசினார்களா? பண்ணையாரின் பூட்டை உடைத்தார்களா? இல்லை, சங்கம் அமைத்தார்கள்! ஒற்றுமையாக இருப்போம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். மறைவாக உறுதிமொழி எடுத்தது குற்றம் என்று பழைய சட்டமொன்றைத் தேடிப்பிடித்து, ஏழாண்டு நாடுகடத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ்.

இலண்டனிலே மீண்டும் மக்கள் வெள்ளம்! 1834 ஏப்ரல் 21. ஆனால் இந்த வெள்ளம் வேடிக்கை பார்க்க வரவில்லை. பல்லாயிரம் தொழிலாளர் அணிவகுத்து, கையொப்பமிட்ட மனுவைச் சுமந்து நடந்தனர். அரசு அன்று மறுத்தது. ஆயினும் குரல் ஓயவில்லை. 1836இல் அறுவருக்கும் மன்னிப்பு வந்தது. பின்னர் நாடு திரும்பினர்.

இரண்டு கூட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1724இல் வந்தது இரசிகர் கூட்டம். கைதட்டிற்று, கண்ணீர் விட்டது, கலைந்தது. 1834இல் வந்தது உரிமைக் கூட்டம். நடந்தது, கேட்டது, பெற்றது. சட்டம் இரு சாராரையும் குற்றவாளி என்றுதான் அழைத்தது. ஆனால் ஒருவன் தனக்காகப் பூட்டை உடைத்தான். அறுவர் எல்லாருக்குமாகக் கதவைத் தட்டினர்.

அந்தக் கதவு மெல்லத்தான் திறந்தது. 1908இல் முதியோர் உதவித்தொகைச் சட்டம்: எழுபது வயதானோர்க்கு வாரம் ஐந்து ஷில்லிங். அதிலும், வழக்கமாக வேலை செய்யத் தவறியவர்க்கு இல்லை என்றொரு முள்ளை வைத்தார்கள். பழைய ஐயம் எளிதிலே சாகவில்லை! ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அத்தொகை ஏழைச் சட்ட அலுவலகத்திலே தரப்படவில்லை. அஞ்சல் நிலையத்திலே தரப்பட்டது. தோளிலே எழுத்து இல்லை. வாயிலிலே ஏச்சு இல்லை. 1918 வரை ஏழைச் சட்ட உதவி பெற்றவனுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு அத்தடை நீங்கிற்று. 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது; 1948 ஜூலை 5ஆம் நாள் பழைய ஏழைச் சட்டமே சவக்குழி புகுந்தது. பொல்லாத பூட்டுத்தான், திறந்தது ஆணியாலன்று, அமைப்பால்.

* * *

அந்த எழுத்துப் பட்டையைத் தைத்த மனப்பான்மை இங்கிலாந்தோடு நிற்கவில்லை, கப்பலேறிற்று. ஏழை என்றால் சோம்பேறி, சோம்பேறி என்றால் குற்றவாளி என்ற அதே எண்ணம், 1871இல் இந்தியாவிலே குற்றப்பரம்பரைச் சட்டமாயிற்று. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அங்கே தனிமனிதனுக்கு முத்திரை. இங்கே குலம் முழுமைக்கும் முத்திரை! தொட்டிலிலே கிடக்கும் குழந்தையும் குற்றவாளி! பிறப்பாலே உயர்வு தாழ்வு கற்பித்த மண்ணிலே அந்த நச்சுச்செடி எளிதாக வேரூன்றிற்று. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. பெண் ஒருவர் உள்ளிட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்திலே 1947இலும், இந்தியா முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது; இகழும் நாக்கு ஒழிந்ததா?

இப்போது நம் நண்பருக்கு விடை சொல்லலாம். "சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான்" என்பது 1697இலும் சொன்ன சொல், 1834இலும் சொன்ன சொல். அந்தச் சொல்லை நம்பி மானத்தைப் பறித்தார்கள், சோம்பல் ஒழிந்ததா? டைபர்னுக்கு ஆள் சேர்ந்தது. உணவுத் தட்டை நீட்டும் சிறுவனிடம், "இது இலவசம், நினைவிருக்கட்டும்" என்று சொல்லாமல் சொல்லும் ஒவ்வொரு பார்வையும், அவன் தோளிலே ஓர் எழுத்தைத் தைக்கிறது. அந்த எழுத்தின் எரிச்சலிலே அவன் கொள்ளைக்காரன் படத்தைத் தேடுகிறான். ஏழையைத் தூற்றும் நாவே, திருடனுக்குத் துதிபாடும் நாவை வளர்க்கிறது!

மாணவனையும் அழைத்தோம். "கைகட்டி நிற்காதவனை நீ போற்றியது தவறன்று, தம்பி, ஆளைத்தான் மாற்றித் தேர்ந்துவிட்டாய்" என்றோம். டால்புடில் அறுவரின் கதையைச் சொன்னோம். கேட்டு முடித்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவர்களைப் பற்றிப் படம் வந்திருக்கிறதா, ஐயா? எங்கள் ஊரிலே யாருக்கும் தெரியாதே!"

ஆம், தெரியாதுதான். தெரிவிக்க வேண்டியவர் யார்? எழுதுகோல் பிடித்த நாம், மேடையேறும் நீங்கள். கொள்ளைக்காரனுக்குப் பாட்டுக் கட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செங்கற்சூளையிலே வேகும் அவன் தந்தையின் கையைப் பற்றி எழுத, அந்தக் கைக்கு உரிய கூலியைக் கேட்க, அது ஓய்ந்தபோது தலைகுனியாமல் உண்ண வழிகாண எத்தனை பேர் இருக்கிறோம்? தச்சனின் கையை, அது விலங்கை உடைத்த பிறகு வியந்தது 1724ஆம் ஆண்டு இலண்டன். அது நாற்காலி செய்யும்போதே மதிக்கக் கற்றுக்கொள்வோம்!